பூஜைக்கு வந்த இரண்டு கட்டைகள்

சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் தெரு பலகை போலச் சமமானது. ஒரு பந்தை வைத்தால்கூட உருளாது. அந்தத் தெருவில் எங்கள் காரை நிறுத்தியதும் நான் இறங்கி, பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். என் கணவர் முதலில் சிரித்தார், பிறகு கோபித்துக்கொண்டார், இப்போது அவரே செங்கல்லை எடுத்துக் கொடுக்கிறார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் போன மாதம் நண்பனின் காரில் ஏற்காட்டுக்குப் போவதாகச் சொன்னான். போய்ச் சேர்ந்த பிறகு, எங்கே நிறுத்தினாய், மேடா, இறக்கமா, கியரில் போட்டாயா, கல் வைத்தாயா என்று நான்கு முறை போன் செய்தேன். ஐந்தாவது முறை அவன் எடுக்கவில்லை. எடுக்காத அந்த இருபது நிமிடத்தை எப்படிக் கழித்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடையில், தார்ச்சாலையிலிருந்து மேலே ஏறும் மண்பாதையின் தலைமாட்டில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவிடம் ஒரு பழைய லாரி. எஸ்டேட்டுகளில் வெட்டிய சில்வர் ஓக் மரங்களையும் காப்பிக்கொட்டை மூட்டைகளையும், பருவத்தில் பலாவையும் ஆரஞ்சையும் ஏற்றிக்கொண்டு மலைக்கும் சேலத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வாங்கும்போதே அது மூன்று சொந்தக்காரர்களைப் பார்த்திருந்தது. கிலோமீட்டர் காட்டும் ஐந்து இலக்கப் பெட்டி ஒன்பதுகளையெல்லாம் தாண்டி எத்தனை முறை பூஜ்யத்துக்குத் திரும்பியது என்று அந்த மூவருக்குமே தெரியாதாம். எங்களிடம் வந்த இரண்டாம் வருடம் அந்தப் பெட்டி ஓடாமல் நின்றுபோனது. அப்பா அதைச் சரிசெய்யவில்லை. கிழவியிடம் வயதைக் கேட்பது மரியாதையில்லை என்றார் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாவோடு கிளீனராக லாரியில் போய்க்கொண்டிருந்தார். லாரிக்கு அவர் வைத்த பெயர்தான் கிழவி. காலையில் அதன் முன்னால் நின்று, என்ன ஆத்தா, இன்னைக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அம்மாவுக்கு அந்தக் கொஞ்சல் பிடிக்காது. வீட்டில் இருக்கிற கிழவிகளுக்குக்கூட யாரும் இத்தனை பணிவிடை செய்வதில்லை என்பாள்.

பழைய லாரியின் குறைகள் கொஞ்ச நாளில் வீட்டு வழக்கங்களாகிவிடும். டிரைவர் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது. உள்ளே இருப்பவர் ஒரு கயிற்றை இழுத்தால்தான் திறக்கும். அதனால் அப்பா எப்போதும் இடது பக்கமாக ஏறி, இருக்கையில் நகர்ந்து நகர்ந்து தன் இடத்துக்குப் போவார். கை பிரேக்கின் கம்பி எங்களிடம் வருவதற்கு முன்பே அறுந்திருந்தது. கால் பிரேக் காற்றில் வேலை செய்வது. இஞ்சின் ஓடினால்தான் அதன் டேங்கில் காற்று ஏறும். எங்கள் டேங்கில் எங்கோ ஒரு கசிவு இருந்தது. இரண்டு மணி நேரம் வண்டி நின்றால் காற்று முழுக்கப் போய்விடும், அப்புறம் பிரேக்கை மிதித்தாலும் ஒன்றுதான், மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான். கியர் தேய்ந்து போனது. லேசாக இடித்தாலும் நழுவி நடுவே வந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும் பழக்கத்தையும் கிழவி விட்டு வருடக்கணக்காகியிருந்தது.

ஆகவே அப்பா லாரியை எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவார். வீட்டுக்கு முன்னால், மண்பாதையை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு அது நிற்கும். கியரில் போட்டிருக்கும். முக்கோணமாக அறுத்த இரண்டு வேங்கைக் கட்டைகள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒன்று இடது முன் சக்கரத்துக்கு, இன்னொன்று வலது பின் சக்கரத்துக்கு. கட்டைகளில் கயிறு கட்டியிருக்கும். காலையில் அப்பா உள்ளே உட்கார்ந்து தலையசைத்ததும், மாமா கயிறுகளைச் சுண்டிக் கட்டைகளை இழுப்பார். லாரி ஓசையில்லாமல் உருளும். பாதி வழியில் நிற்கும் கொய்யா மரத்தைத் தாண்டும்போது அப்பா கிளட்சை விடுவார். கிழவி ஒரு குலுக்கு குலுக்கி, இருமி, கரும்புகை கக்கி உயிர்பெறுவாள். மாமா ஓடிப்போய்த் தொற்றிக்கொள்வார். கீழே சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தினமும் பார்க்கும் காட்சி இது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அம்மா ஒரு மாதமாகவே தயாராக இருந்தாள். முந்தைய வருடம் டயர் கழற்றும் கம்பி ஒன்று இருக்கைக்கு அடியிலேயே கிடந்துவிட்டது, பூஜைக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதத்தில் இரண்டு டயர்கள் வெடித்தன. டயர்கள் வெடித்ததற்குக் காரணம் அவற்றில் நூல் தெரிந்ததுதான் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அம்மா ஏற்கவில்லை. விட்டுப்போன சாமான் கோபித்துக்கொண்டது என்பது அவள் முடிவு. இந்த முறை உழைத்த சாமான் ஒன்றுகூட விடுபடக்கூடாது என்று என்னிடம் ஒரு மூங்கில் கூடையைக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தாள்.

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. காலையிலேயே லாரிக்குள் ஏறி மூலை முடுக்கெல்லாம் துழாவினேன். ஸ்பேனர்கள், ஜாக்கி, கிரீஸ் துப்பாக்கி, புனல், சுத்தியல், போன வருடம் கோபித்துக்கொண்ட அந்தக் கம்பி என்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்துக் கூடையில் அடுக்கினேன். மாமா சைக்கிளில் பூ வாங்கப் போயிருந்தார். அப்பா லாரியைக் கழுவி முடித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு இடது பக்கமாக வரும்போது முன் சக்கரத்தடியில் கட்டையைப் பார்த்தேன். இதைவிட உழைத்த சாமான் எது என்று தோன்றியது. பின்னால் இன்னொன்று இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்றும் தோன்றியது. கியரில் நின்றதால் கட்டை இறுக்கமாக இல்லை, கயிற்றைப் பிடித்து ஆட்டியதும் வந்துவிட்டது. லாரி அசையவில்லை. அசையாததால் நான் செய்தது சரி என்று முடிவுசெய்தேன்.

மாமாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இரண்டு கட்டைகளில் ஒன்றைத்தான் பூஜைக்குக் கொண்டுவருவார். ஒன்று சாமிக்கு, ஒன்று சக்கரத்துக்கு என்பது அவர் கணக்கு. அன்று பூ வாங்கி வந்ததும், வலது பக்கமாக வந்து, பின் சக்கரத்துக் கட்டையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்தார். நான் இடது பக்கம் வந்தவள், அவர் வலது பக்கம் வந்தவர். இருவரில் ஒருவராவது வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்திருக்கலாம்.

நடுக்கூடத்தில் மரப்பலகையைப் போட்டு அம்மா சாமான்களைப் பரப்பினாள். என் கூடையிலிருந்து வந்த கட்டையும் மாமா வைத்த கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. ஜோடி சேர்ந்துவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டும் இங்கே இருந்தால் அங்கே எது இருக்கும் என்ற கணக்கு என் தலையில் ஓடவில்லை. மாமா தேங்காயை உரித்துக்கொண்டிருந்தார். அப்பா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனத்தைத் தொட்டு வைத்து, அதன் நடுவே குங்குமம் வைத்தார். கட்டைகளுக்கு மட்டும் மூன்று மூன்று பொட்டுகள். அம்மா நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய், நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஒவ்வொன்று வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை மறுபூஜை முடிந்து லாரியை நகர்த்தும்போது அவை நசுங்க வேண்டும். அதுவரை லாரியையும் சாமான்களையும் யாரும் தொடக்கூடாது, அவை ஓய்வெடுக்கும் என்பது எங்கள் வீட்டு முறை.

கற்பூரம் காட்டினார்கள். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர், கீழே இருக்கும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் உட்பட, வந்து நின்று கும்பிட்டார்கள். பன்னிரண்டு கண்களாவது அந்த இரண்டு கட்டைகளையும் பார்த்திருக்கும். என் கண்கள் மூடியிருந்தன. டயர் வெடிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிந்து மூன்று மணி இருக்கும். மஞ்சு விலகி வெயில் வந்திருந்தது. வீட்டுக்குள் அப்பாவும் ரைட்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். தம்பி பொரியும் கடலையும் நிறைந்த ஒரு டப்பாவோடு லாரிக்குள் ஏற வேண்டும் என்றான். தொடக்கூடாது என்று சொன்னேன். தொடமாட்டேன், உட்காரத்தான் போகிறேன் என்றான். மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் தெளித்து நின்ற கிழவி எனக்கும் ஆசையாகத்தான் இருந்தாள். இடது கதவைத் திறந்து அவனை ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். அவன் நகர்ந்து நகர்ந்து டிரைவர் இடத்துக்குப் போனான், அப்பாவைப் போலவே.

கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு, சேலம் போகிறோம் என்று அறிவித்துவிட்டு, வாயால் உறுமிக்கொண்டே கியர் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றி ஆட்டினான். டக்கென்று அது நழுவி நடுவே வந்து நின்றது. அந்த ஓசை எனக்குப் பழக்கமானது. அதற்கடுத்து வந்த அமைதியும் பழக்கமானதுதான். மாமா கட்டையை இழுத்த பிறகு, இஞ்சின் உயிர்பெறுவதற்கு முன்னால், லாரி சும்மா உருளும்போது வரும் அமைதி அது. ஜன்னல் வழியே பார்த்தேன். வீட்டு நிலையில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

முதலில் நான் பயப்படவில்லை. கட்டை தடுத்துவிடும் என்று நினைத்தேன். அப்புறம்தான் கட்டை எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. பின்கட்டை இருக்கிறதே என்று நினைத்தேன். அது எங்கே இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது.

கீழே மூன்று மிதிகளில் நடுவில் இருப்பது பிரேக் என்று தெரியும். இருக்கையிலிருந்து சரிந்து இறங்கி அதை இரண்டு கைகளாலும் அமுக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் அது தரையைத் தொட்டது. திரும்பத் திரும்ப அமுக்கினேன். தலைக்கு மேலே தம்பி அழத் தொடங்கியிருந்தான். வெளியே யாரோ ஓடிவரும் ஓசை, அம்மாவின் குரல், எதுவோ உருண்டு விழும் ஓசை. நான் எழுந்து நின்றபோது கொய்யா மரம் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் அந்த இடத்தில் கிழவி குலுங்கி இருமுவாள். அன்று குலுங்கவில்லை. மரம் பின்னால் போயிற்று. லாரி தினமும் போவதைவிட வேகமாகப் போயிற்று.

மண்பாதை முடிகிற இடத்தில் தார்ச்சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் இடுப்பளவுகூட இல்லாத ஒரு கைப்பிடிச் சுவர், சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சிகள். அந்தச் சுவரின் மேல் நான்கு பெண்கள் குழந்தைகளோடு பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பிப் பேச்சைத் தொடர்ந்தார்கள். வருடக்கணக்காக அந்த லாரி அப்படித்தானே உருண்டு வருகிறது. அவர்களில் ஒருத்தி எனக்குக் கையசைத்தாள். இன்றைக்கும் என்னை உறக்கத்திலிருந்து எழுப்புவது அந்தக் கையசைப்புதான்.

அப்பாவின் முகம் வலது ஜன்னலில் தெரிந்தது. படியில் தொற்றியிருந்தார். கதவு அவருக்குத் திறக்காது. கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்தினார். தம்பிக்குக் கேட்கவில்லை. அவன் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்களை மூடியிருந்தான். அப்பா ஒரு கையால் ஜன்னலைப் பிடித்தபடி மறு கையை உள்ளே நீட்டி ஸ்டீரிங்கைத் தள்ளினார். ஒரு கையால் அதைத் திருப்புவது நடக்கிற காரியமில்லை.

"கண்ணு, உம் பக்கம் இழு. உம் பக்கம்."

என் பக்கம், இடது பக்கம், பாதையை வெட்டி எடுத்த மண்மேடு ஆள் உயரத்துக்கு நின்றது. நான் ஸ்டீரிங்கின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கமாகச் சாய்ந்தேன். என் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டேன். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து தள்ளினார். அது கொஞ்சம் திரும்பியது. லாரியின் இடது கன்னம் மேட்டில் உரசியது. தகரம் கிழிவது போன்ற ஓசை, கண்ணாடி உடைந்தது, மண் ஜன்னல் வழியே என் மடியில் கொட்டியது. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு கேட்டதுதான். லாரி நகர்ந்ததும் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். மாமா மட்டும் எதிர்ப்பக்கம், நடுக்கூடத்துக்கு ஓடினார். மறுநாள் வரை தொடக்கூடாத இரண்டு கட்டைகளையும் பலகையிலிருந்து வாரினார். குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் கூடமெங்கும் ஓடியது. இறக்கத்தில் லாரியைத் துரத்திப் பிடித்து, முதல் கட்டையைப் பின் சக்கரத்துக்கு முன்னால் வீசினார். சக்கரம் அதைப் பாக்கைத் தட்டுவது போலத் தட்டிவிட்டது. இரண்டாவதை வீசவில்லை. குனிந்து, ஓடிக்கொண்டே, கையால் கொண்டுபோய் வைத்தார்.

லாரி ஒரு முறை முன்பக்கம் குனிந்து எழுந்து நின்றது. மூக்குக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி நிற்கிற அளவு இடம் இருந்தது. சுவரின் மேல் இருந்த பெண்கள் அப்போதுதான் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். தம்பி கண்களைத் திறந்து, சேலம் வந்துருச்சா என்று கேட்டான்.

அப்பா அவனை ஜன்னல் வழியாகவே இழுத்து எடுத்துத் தரையில் நிறுத்தினார். என்னையும் அதே ஜன்னல் வழியே இறக்கினார். அணைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எங்களைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, மாமாவிடம் போனார். அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"கட்டைய யாருடா எடுத்தது?"

மாமா வலது கையை வேட்டி நுனியில் சுற்றிக்கொண்டிருந்தார். "நாந்தானுங்க மச்சான்."

"ரெண்டையுமா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு மூச்சு நேரத்துக்கு மேல் இருக்காது. நான் என் மடியிலிருந்து உதிர்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டையுந்தானுங்க" என்றார்.

அப்பாவின் கை ஓங்கியது. அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். ஓடிவந்ததில் ஒரு காலில் செருப்பு இல்லை, தலை அவிழ்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அவன எதுக்குக் கேக்கறீங்க. ரெண்டு கட்டைக்கும் சந்தனம் வெச்சது நீங்க. கட்டை இருந்த எடத்துல எலுமிச்சம்பழம் வெச்சது நானு. அத்தன பேரும் சுத்தி நின்னு கும்புட்டோம். அவன மட்டும் எதுக்குக் கேக்கறீங்க."

அப்பாவின் கை மேலேயே சிறிது நேரம் நின்றது. பிறகு அது எங்கே போவதென்று தெரியாதது போலத் தன் தலையையே தடவிக்கொண்டு கீழே இறங்கியது. அப்போதுதான் மாமாவின் வேட்டி நுனி சிவந்துகொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தோம். இரண்டு விரல்கள் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டியிருந்தன.

ரைட்டர் எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பி ஜீப்பை வரவழைத்தார். மாமாவை ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீப்பில் ஏறும்போது மாமாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் ஜீப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து என் காதில் சொன்னார்.

"கண்ணு, அடுத்த வருசப் பூசைக்கு இந்த வெரலையும் பலகையில வெச்சிரு. நொம்ப ஒழச்சிருக்குது."

அது வேடிக்கை என்று எனக்குத் தெரிந்தது. சிரிக்க முயன்றேன். ஜீப் போன பிறகு மண்பாதையில் ஏறிப் போனேன். நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒன்று விடாமல் முறைப்படி நசுங்கிக் கிடந்தன.

மறுநாள் காலை மறுபூஜை நடந்தது. சாமான்களை எடுத்ததும் அப்பா முதல் வேலையாக, நசுங்கிய முன்பக்கத் தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து லாரியை மேட்டிலிருந்து விலக்கிக் கொடுக்க, எஸ்டேட் டிராக்டர் அதை இழுத்து வந்து வீட்டுக்கு முன்னால் பழைய இடத்தில் நிறுத்தியது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரங்களைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார், திரும்பவும் சக்கரங்களைப் பார்த்தார். மாமாவுக்குச் சோறு கொண்டுபோக வேண்டியிருந்தது. பஸ்ஸிலேயே போய்விடலாமே என்று ஒருவர் சொன்னார். வண்டியை ஒருநாள் நிறுத்தினால் அப்புறம் எடுக்க முடியாது என்றார் அப்பா. அது கிழவியின் பேட்டரியைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் வரட்டும் என்றார். அம்மா மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். முதல் நாள் மாலையிலிருந்து தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் வைத்திருந்தவள் அவள். ஆனால் உள்ளே போய், அவனுக்கு ஸ்வெட்டரை மாட்டி, தன் கையாலேயே தூக்கி லாரியில் உட்கார வைத்தாள். எனக்குச் சோற்றுத் தூக்கைக் கொடுத்தாள்.

"அப்பாகூடப் பேசிட்டே போங்க சாமி. சும்மா உக்காந்திருக்காதீங்க" என்றாள்.

கீழ்வீட்டுக்காரர் கட்டைகளை இழுத்து எங்களுக்கு ஏற்றிக் கொடுத்தார். லாரி உருண்டது. கொய்யா மரத்தில் குலுங்கி இருமியது. சுவரின் மேல் அன்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, பஸ்ஸுக்கு வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அப்பா மேலே போகும் சாலையில் திருப்பினார்.

வழக்கமாக அவர் வண்டி ஓட்டும்போது எதிரே வருகிற ஒவ்வொரு டிரைவரைப் பற்றியும் ஒரு விமர்சனம் சொல்வார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சொன்னபடி நான் பேசினேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். அது தீர்ந்ததும் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். தம்பி குரங்குகளை எண்ணினான். நான் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அப்பா, ம், அப்பறம், என்றார். வாய்ப்பாட்டுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பதினேழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன், அது எனக்குச் சரியாகத் தெரியாது. தப்பாகச் சொன்னேன். அவர் திருத்தவில்லை.

கீழே சமவெளி முழுக்கத் தெரிகிற ஒரு திருப்பத்தில் அப்பா ஓரம்கட்டினார். இஞ்சினை அணைக்காமல், என்னை இறங்கி இரண்டு கட்டைகளையும் வைக்கச் சொன்னார். மாமாவின் வேலை எனக்கு வந்துவிட்டது என்று பெருமையாகவும் இருந்தது, தண்டனையாகவும் இருந்தது. முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று, காலால் உதைத்து இறுக்கினேன்.

"வெச்சாச்சா?"

வைத்தாயிற்று என்றேன். முன்னால் வைத்தாயா என்றார். வைத்தேன். பின்னால் வைத்தாயா என்றார். வைத்தேன். நான் ஏறுவதற்காகக் கதவில் கை வைத்தபோது, முன்னால் வைத்தாயா என்று மறுபடியும் கேட்டார். என்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். இனி மறைப்பதில் ஒன்றுமில்லை என்று தோன்றியது. கீழே நின்றபடியே, அப்பா, நேத்து முன் கட்டையை எடுத்தது, என்று தொடங்கினேன்.

"தெரியுஞ் சாமி. ஏறி உக்காரு."

அவ்வளவுதான். நான் ஏறி உட்கார்ந்தேன். விருந்தாளிகளை ஏற்றிவரும்போது இப்படி ஒரு திருப்பத்தில் நிறுத்தி, கீழே தெரிகிற ஊர்களைக் காட்டுவது அப்பாவின் வழக்கம். எங்களுக்கும் காட்டத்தான் நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்து, நானே தம்பிக்கு ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினேன். ரயில் பாதை எது, ஏரி எது என்று தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். சொல்லி முடித்தும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. சோறு ஆறிவிடும், மாமா காத்திருப்பார், போகலாமா என்று கேட்டேன்.

"செத்த இருங்க. போலாம்" என்றார்.

இரண்டு சக்கரங்களுக்கும் கட்டை இருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, டேங்கில் காற்று நிறைந்திருந்தது. அப்படியும் அவர் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டீரிங்கை விடவில்லை. அந்தக் காலின் முழங்கால் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. பழைய இஞ்சின், அது ஓடினால் லாரியில் இருக்கிற எல்லாமே நடுங்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் என் முழங்கால்மேல் இருந்த சோற்றுத் தூக்கு அசையாமல் இருந்ததைக் கவனிக்கிற வயது எனக்கு இல்லை.